சாவி யார்கிட்ட இருக்கு?

கீரிப்பாறைக்கு நீங்கள் போயிருக்க வாய்ப்பு குறைவு. போயிருந்தாலும், காளிகேசத்தில் குளிக்கப் போகிற வழியில் கார் கண்ணாடியை இறக்கி, ‘அடடா, என்னா காத்து!’ என்று சொல்லிவிட்டுக் கடந்திருப்பீர்கள். நாகர்கோவிலில் பஸ் ஏறினால் பூதப்பாண்டி, அழகியபாண்டிபுரம், தடிக்காரன்கோணம் என்று மலையைப் பார்த்துக்கொண்டே போகும். வயலும் தென்னையும் முடிந்து, வரிசையாகச் சிரட்டை கட்டின ரப்பர் மரங்கள் ஆரம்பிக்கிற இடத்தில் ஊர்.

எனக்கு அங்கே ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷம். சாப்பிட்டு முடித்துத் திரும்பும்போது மழை. குமரி மாவட்டத்து மழைக்கு ஒரு குணம் உண்டு. ‘சித்த நேரத்தில் விட்டுடும்’ என்று நம்பவைத்தே ரெண்டு மணி நேரம் உட்கார வைத்துவிடும். பஸ் ஸ்டாப்பில் ஒதுங்கினேன். எனக்கு முன்னாடியே அங்கே மூணு பையன்கள். பதினாறு, பதினேழு வயசு இருக்கும். காலி பெயின்ட் வாளிக்குள் ஒரு செல்போனைப் போட்டிருந்தார்கள். சத்தம் கணீரென்று எழும்ப அதுதான் அவர்களுடைய ஸ்பீக்கர். ஒருத்தன் வாயாலேயே தாளம் போட, இன்னொருத்தன் கையை வெட்டி வெட்டிப் பேசிக்கொண்டிருந்தான். மூணாவது ஆள் செங்கல்லில் சாய்த்து வைத்த இன்னொரு போனில் படம் எடுக்கிறான்.

ராப் பாட்டு!

நான் ரசிக்கத்தான் ஆரம்பித்தேன். ஆனால், பையன் முதல் நாலு வரியிலேயே துப்பாக்கியை எடுத்துவிட்டான். அடுத்து ஒரு கார் வந்தது. ‘கேங்’ வந்தது. எதிரிகள் வரிசையாகச் செத்தார்கள். அப்புறம் திடீரென்று, அட்டை கடித்த கால், விடிவதற்கு முன்னாடி நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகும் அப்பா, மழை பெய்தால் அன்றைக்கு வெட்டு இல்லை... எனக்குச் சிலிர்த்துவிட்டது. பிறகு மறுபடியும் துப்பாக்கி.

“தம்பி, அட்டை கடிக்குத காட்டுல துப்பாக்கி எங்கேருந்து வந்தது?” என்றேன்.

“அது ஸ்டைலுக்கு அண்ணாச்சி. அது இல்லாம ஒருத்தனும் கேக்க மாட்டான்லா.”

“பஸ் ஸ்டாப்ல ஏன் நிக்கிறீங்க?”

“வேற எங்க போவ? வீட்ல போட்டா அம்ம ஏசுவா. அங்கன ஒரு மண்டபம் இருக்கு. பூட்டியில்லா கெடக்கு.”

“சாவி யார்கிட்ட இருக்கு?”

மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். “ஆருக்குத் தெரியும்!”

அந்தக் கட்டடம் எந்தத் துறையுடையது, யார் கட்டினது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. எந்த ஊரில்தான் அப்படி ஒரு கட்டடம் இல்லை? உங்கள் தெருமுனையிலும் ஒன்று இருக்கும். திறப்பு விழாக் கல்வெட்டு பளபளப்பாக இருக்கும், பூட்டு துருப்பிடித்திருக்கும். ஆனால், ‘சாவி யார்கிட்ட?’ என்ற கேள்வி பஸ் ஏறின பிறகும் என்னை விடவில்லை. ஏனென்றால் ஹிப்ஹாப் என்கிற இந்தச் சமாசாரமே ஒரு பொது அறையின் சாவியில் இருந்துதான் பிறந்தது.

கதை தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவென்யூ, கதவு எண் 1520. அந்த அடுக்குமாடியில், குடியிருப்பவர்கள் கல்யாணம் காட்சிக்கு எடுத்துக்கொள்கிற மாதிரி ஒரு பொது அறை. ஜமைக்காவிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண் சிண்டி கேம்ப்பெல்லுக்கு, ஸ்கூல் திறப்பதற்குள் புதுத் துணி வாங்கப் பணம் வேண்டும். அந்த அறையை எடுத்து ஒரு பார்ட்டி வைத்தாள். பெண்களுக்கு டிக்கெட் 25 சென்ட், ஆண்களுக்கு 50. பாட்டுப் போட்டது அண்ணன் கிளைவ். ‘டிஜே கூல் ஹெர்க்’ என்று பிற்பாடு உலகம் கொண்டாடுகிற ஆள், அப்போது வயசு 18. பாட்டில் ஜனங்கள் குதித்து ஆடுகிற இடம், வெறும் தாளம் வருகிற சில விநாடிகள்தான் என்பதைக் கவனித்த அவர், ஒரே ரெக்கார்டில் ரெண்டு காப்பி வைத்துக்கொண்டு அந்தத் தாளத்தை மட்டும் மாற்றி மாற்றி நீட்டினார். அதற்கு ஆடியவர்கள் பி-பாய்களானார்கள். மைக்கில் கூட்டத்தை உசுப்பியவர்கள் ராப்பர்களானார்கள். சுவரில் ஸ்பிரே அடித்தவர்களும் சேர்ந்துகொள்ள, ஒரு கலாசாரமே உருவாகிவிட்டது.

எல்லாரும் கூல் ஹெர்க்கைத்தான் பேசுகிறார்கள். நான் பி.காம். படித்தவன். எனக்கு அந்தத் தங்கச்சிதான் கண்ணில் படுகிறாள். இடம் பிடித்தவள் அவள். டிக்கெட் விலை வைத்தவள் அவள். ஆண்களுக்கு ரேட்டை ரெட்டிப்பாக்கின வியாபார மூளையும் அவளுடையது. இதைக் கலையில்லை என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

சரி, கீரிப்பாறைப் பையன்களுக்கு இப்படி ஓர் அறை கிடைத்தால் என்ன ஆகும்? கற்பனை செய்ய வேண்டியதில்லை. நம் ஜனங்கள் நிறைந்த இன்னொரு ஊரில் அது நடந்திருக்கிறது. அந்த ஊரின் பெயர் தாராவி.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடப் போனவர்கள், பிழைக்கப் போனவர்கள் என்று மூணு நாலு தலைமுறையாகத் தமிழர்கள் வாழ்கிற இடம். தைப்பொங்கலுக்கு 90 அடி ரோட்டில் வரிசையாகப் பானை வைத்துப் பொங்குவதை டி.வி-யில் பார்த்திருப்பீர்கள். 2008-ல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ வந்து, அடுத்த வருடம் எட்டு ஆஸ்கர் வாங்கி, ரஹ்மான் மேடையில் தமிழ் பேசி, நாமெல்லாம் கைதட்டினோமே... அப்போது தாராவிப் பையன்களுக்கு அந்தத் தலைப்பில் இருந்த ‘டாக்’ உறுத்தியது. ஆகாஷ் தங்கர் என்கிற ‘பி-பாய் அக்கு’வும் சிநேகிதர்களும் அதைத் திருப்பிப் போட்டார்கள். இங்கிலீஷில் நாயைத் திருப்பினால் கடவுள். ‘ஸ்லம் காட்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டு, சின்னப் பையன்களுக்குக் காசு வாங்காமல் பிரேக் டான்ஸ் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு படத்துக்கு இதைவிடக் கச்சிதமான விமர்சனத்தை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை, நான் உள்பட.

பிறகு 2015-ல் டாலி ரதேஷ்வர் என்பவர் முன்கை எடுத்து, கியூக்கி என்ற டிஜிட்டல் மீடியா நிறுவனமும் யுனிவர்சல் மியூசிக்கும் துணை நிற்க, ‘தாராவி ட்ரீம் புராஜெக்ட்’ வந்தது. ஸ்கூல் விட்டபின் நடக்கிற ஹிப்ஹாப் பள்ளிக்கூடம். ராப், பீட்பாக்ஸ், பிரேக் டான்ஸ் எல்லாம் இலவசம். சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் அதே சந்துகளில் வளர்ந்த பையன்கள். நேற்று கற்றுக்கொண்டவன் இன்றைக்கு வாத்தியார். இதுதான் அதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். வெளியிலிருந்து வரும் வாத்தியார் மழை பெய்தால் லீவு போடுவார். பக்கத்துச் சந்து அண்ணன் போட முடியாது. வீட்டு வாசலில் வந்து நின்று கூப்பிடுவார்கள்.

அந்தத் தாராவியிலிருந்து வந்த குழுதான் ‘டோப்அடெலிக்ஸ்’. ஹிந்தி, மராத்தி, தமிழ் எல்லாம் ஒரே பாட்டில் கலந்து கட்டி அடிப்பார்கள். 2018-ல் பா.ரஞ்சித்தின் ‘காலா’வில் சந்தோஷ் நாராயணன் இசையில் கேட்டீர்களே, அவர்கள்தான்.

இங்கே ரெண்டு படங்களை ஒப்பிட்டே ஆகவேண்டும். ஒன்று அந்தக் ‘காலா’. இன்னொன்று 2019-ல் ஸோயா அக்தர் எடுத்த ‘கல்லி பாய்’. டிவைன், நேஸி என்ற ரெண்டு மும்பை ராப்பர்களின் வாழ்க்கையைத் தொட்டு எடுத்த படம். பிரமாதமான படம்தான், மறுக்கவில்லை. ரன்வீர் சிங் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிற காட்சிகளில் அவர் கண்ணே ராப் பாடும். ஆனால் அந்தப் படத்துக்கு ஹிப்ஹாப் என்றால் ஏணி. கீழே குடிசை, மேலே மேடை, நடுவில் திறமை. கடைசியில் ஒரு போட்டி, ஒருத்தன் ஜெயிக்கிறான், விளக்குகள் அவன் மேல். மற்ற ஐம்பது பேர்? அவர்கள் கூட்டத்தில் நின்று கைதட்டுகிறார்கள்.

‘காலா’வில் தாராவி என்பதே சென்னையில் போட்ட செட். ரஜினி வேறு இருக்கிறார். அவர் வந்தால் மற்றவர்கள் தெரிவார்களா என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தப் படத்தில் ராப் பாடுகிற பையன்கள் எதையும் ஜெயிப்பதில்லை. தெருவில் நடப்பதற்கெல்லாம் சாட்சியாக, நம்மூர்த் தெருக்கூத்துக் கட்டியங்காரன் மாதிரி, கூடவே வருகிறார்கள். யாரும் அவர்களை மேலே தூக்கிவிடவில்லை. அவர்களும் எங்கேயும் போகவில்லை. கலை விஷயத்தில் ‘கல்லி பாய்’ ஒரு படி உசத்தி என்று நீங்கள் சொன்னால் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால், ஓர் அறையில் முப்பது பிள்ளைகள் தினமும் சாயந்திரம் கூடுவது எதற்காக என்ற கேள்விக்கு, ‘காலா’தான் பக்கத்தில் போகிறது.

ஏனென்றால் அந்த முப்பதில் இருபத்தொன்பது பேர் ஸ்டார் ஆகப்போவதில்லை. மொபைல் கடையில் வேலை பார்ப்பார்கள், டெலிவரிக்குப் போவார்கள், கல்யாணம் செய்துகொள்வார்கள். அவர்களுக்கு அந்த அறை என்ன கொடுத்தது என்பதுதான் கணக்கு. அதைப் படமாக எடுப்பது கஷ்டம். ரோஜாப்பூ ரஜிஸ்டர் மாதிரி அட்டெண்டன்ஸ் நோட்டு, மைக் ஒயர் ரிப்பேர், ‘இந்த மாசம் வாடகை யாரு?’ என்கிற முணுமுணுப்பு... இதில் எங்கே இன்டர்வெல் பிளாக் வைப்பது?

இப்போது என் மனக்குறைக்கு வருகிறேன்.

இந்த மாதிரி இடங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் வருவதையெல்லாம் சேர்த்து வைத்துப் படித்துப் பாருங்கள். எல்லாக் கட்டுரையிலும் ஒரே வாக்கியம் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும். ‘போதைக்கும் ரவுடித்தனத்துக்கும் போயிருக்க வேண்டிய பிள்ளைகளை ஹிப்ஹாப் காப்பாற்றியது.’ நானே எழுதியிருக்கிறேன். (பழைய இதழ்களைத் தேடிப் படம்பிடித்து அனுப்பிவிடாதீர்கள்!)

இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. மயிலாப்பூரில் ஒரு பையன் சாயந்திரம் மிருதங்க கிளாஸுக்குப் போகிறான். ‘கஞ்சாவிலிருந்து மிருதங்கம் அவனைக் காப்பாற்றியது’ என்று யாராவது எழுதுவோமா? அவன் கலை கற்றுக்கொள்கிறான் என்போம். அதே பதினைந்து வயசுப் பையன் தாராவியிலோ வியாசர்பாடியிலோ இருந்தால், அவன் கற்றுக்கொள்வது கலை இல்லை, தடுப்பூசி.

இந்தப் பரிதாபத்தில் இன்னொரு கோளாறு. காப்பாற்றப்பட்டவனின் பாட்டை யாரும் விமர்சனம் செய்வதில்லை. சபாக்களில் பாடினவர்கள் சுப்புடுவின் பேனாவுக்கு நடுங்கினார்கள். திட்டு வாங்கினவர்கள் மறுவருடம் சாதகம் செய்துவிட்டு வந்தார்கள். அது ஒரு மரியாதை சார். ‘நீ கலைஞன், உன்னால் இன்னும் நன்றாகச் செய்ய முடியும், செய்யவில்லை’ என்று ஒருத்தர் முகத்துக்கு நேராகச் சொல்வது. தாராவிப் பிள்ளைகளுக்கு அது கிடைப்பதில்லை. ‘அச்சா ஹை, ஜபர்தஸ்த் ஹை’ என்று தட்டிக்கொடுத்து, செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

அதனால் கொஞ்சம் திட்டலாம் என்று இருக்கிறேன். மும்பையானாலும் சென்னையானாலும், யூடியூபில் வருகிற தெரு ராப்பில் பாதிக்கு மேல் தற்பெருமை. நான் இப்படி, என் ஏரியா அப்படி, என்னைச் சீண்டாதே. தெருவில் சும்மா நிற்கிற பையனைப் போலீஸ் பிடித்துச் சோதனை போடுவதை டோப்அடெலிக்ஸ் பாடும்போது அதில் ஒரு உண்மை சுடுகிறது. அதையே பத்தாவது ஆள் காப்பியடித்துப் பாடும்போது துப்பாக்கி வந்துவிடுகிறது, கீரிப்பாறை மாதிரி! தாளம் பூராவும் இன்டர்நெட்டில் இறக்கின ரெடிமேட். பெண்ணைப் பற்றிப் பேசினால் ஒன்று அம்மா, இல்லாவிட்டால் ஏமாற்றினவள். பெண்களே பாடுவது அபூர்வம். சிண்டி கேம்ப்பெல் திறந்துவிட்ட அறையில், ஐம்பது வருடம் கழித்தும் பெண் பிள்ளைகள் வாசலில் நின்று எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தால் அது யார் தப்பு? நேரம் ஒரு காரணம். ஆறு மணிக்கு மேல் என்றால் வீட்டில் விடமாட்டார்கள். அதற்கேற்ப டைம்டேபிள் போடுவது நடத்துகிறவர்கள் வேலை. இதெல்லாம் இசை விமர்சனமா என்று கேட்காதீர்கள். யார் பாடுகிறார்கள் என்பதும் பாட்டில் கேட்கும்.

‘இது நம்ம கலாசாரமே இல்லையே’ என்று முனகுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘காதலன்’ படத்தில் பேட்டை ராப்புக்கு ஆடினது 1994-ல். மலேசியாவின் யோகி பி-யும் நட்சத்ராவும் ‘வல்லவன்’ ஆல்பம் போட்டது 2006-ல். ஹிப்ஹாப் தமிழா வந்தே ஒரு மாமாங்கத்துக்கு மேல் ஆகிறது. அதெல்லாம் இருக்கட்டும். காமன் எரிந்தான், எரியவில்லை என்று ரெண்டு கட்சி கட்டிக்கொண்டு விடிய விடிய எதிர்ப்பாட்டு எடுத்த லாவணிக்காரர்கள் செய்ததற்கு என்ன பெயர்? நாஞ்சில் நாட்டில் வில்லும் குடமும் உடுக்கையும் வைத்துக்கொண்டு, ஒருத்தர் கதையை வேகமாகச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போட்டு ஏற்றிவிடுவாரே... வாய்த்தாளமும் பெயின்ட் வாளியுமாக நின்ற கீரிப்பாறைப் பையன்களைப் பார்த்தபோது எனக்கு அந்நியமாக ஒன்றும் தோன்றவில்லை. துப்பாக்கியைத் தவிர.

பசங்களே நடத்துகிற கலைக்கூடம் என்பதும் புதுசு இல்லை. அந்தக் காலத்து ‘பாய்ஸ் கம்பெனி’ நாடகங்களில் நடித்தது பிள்ளைகள், சாவி மட்டும் முதலாளியிடம். டி.கே.எஸ். சகோதரர்கள் சின்ன வயசில் சங்கரதாஸ் சுவாமிகளின் குழுவில் நடித்தவர்கள். 1925-ல் திருவனந்தபுரத்தில் சொந்தமாக ஒரு சபாவைத் தொடங்கினார்கள். டி.கே.சண்முகத்துக்கு அப்போது பன்னிரண்டு பதின்மூன்று வயசு. கூட நின்ற பெரியவர்கள் இருந்தார்கள்தான். ஆனாலும் சபா அவர்களுடையது. அந்தச் சபாவுக்கு வந்துசேர்ந்த ஒழுகினசேரிப் பையன் ஒருத்தனும் பிற்பாடு பெரிய ஆளானான். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்! கீரிப்பாறை பஸ் புறப்படுகிற நாகர்கோவில்காரர். வில்லுப்பாட்டை மேடைக்கு மேடை கொண்டுபோனவரும் அவர்தான்.

சாவி என்று நான் சொல்வது கதவுச் சாவி மட்டும் இல்லை. பாட்டுக்கும் ஒரு சாவி இருக்கிறது. அது காகிதத்தில் இருக்கும்.

‘என்ஜாய் எஞ்சாமி’யை மறந்திருக்க மாட்டீர்கள். 2021 மார்ச்சில் வந்து, நம் வீட்டுக் குழந்தைகள் முதல் தாத்தா வரைக்கும் முணுமுணுக்க வைத்த பாட்டு. அரக்கோணத்துக்காரர் அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துத் திரும்பி வந்த தன் பாட்டி வள்ளியம்மாளை மனதில் வைத்து எழுதியது. அறிவு எங்கிருந்து வந்தார்? 2018 ஜனவரி 6-ம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி செய்த ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவிலிருந்து. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்த்த 19 பேர். கானாக்காரர்களும் ராப்பரும் கிடாரிஸ்டும் ஒரே மேடையில். ஒரு கூட்டத்திலிருந்து வந்த குரல் அது.

பாட்டு உலகம் சுற்றியது. 2021 ஆகஸ்ட்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டைப்படத்தில் தீ இருந்தார், ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார். அறிவு இல்லை. சத்தம் கிளம்பின பிறகு அவருக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022-ல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு ஒலித்தது. அப்போதும் மேடையில் அவர் இல்லை. ‘பாட்டு யாருடையது?’ என்று அறிவு ஒரு பக்கமும், தீயும் சந்தோஷ் நாராயணனும் மறு பக்கமும் அறிக்கை விட்டார்கள். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே, ‘இந்தப் பாட்டால் எங்கள் யாருக்கும் இதுவரை வருமானமே வரவில்லை’ என்று வீடியோவில் சொன்னார். நிறுவனத்தின் தரப்பு வேறு. தீர்ப்பு எழுத இது கோர்ட் இல்லை.

ஆனால் கவனியுங்கள். பிரபல இசையமைப்பாளர், பிரபல பாடகி, பிரபல கவிஞர். பாட்டு கோடி கோடியாகப் பார்க்கப்பட்டது. அவர்களுக்கே மூணு வருடம் கழித்து இந்த நிலைமை என்றால், பதினாறு வயசில் ஒரு கலை மையத்தில் பாட்டுப் பதிவு செய்கிற பையனிடம் என்ன காகிதத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள்? 2012-ல் காப்பிரைட் சட்டத்தைத் திருத்தி, பாட்டு எழுதினவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கவே முடியாதபடி செய்திருக்கிறார்கள். ‘எனக்கு வேண்டாம்’ என்று அவரே எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. நல்ல சட்டம். அது இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பீட்பாக்ஸ் சொல்லித்தருகிற எந்த இடமும் வாரத்தில் ஒரு மணி நேரம் இதைச் சொல்லித்தந்தே ஆக வேண்டும் என்பேன். இந்த இடங்களுக்குப் பணம் பெரும்பாலும் இசை நிறுவனங்கள், பெரிய பிராண்டுகளிடமிருந்து வருகிறது. வரட்டும். வாடகையைக் காற்றா கட்டும்? ஆனால் பாட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கொடுப்பவரே பாட்டை வாங்குகிறவராகவும் இருந்தால், பையனின் பக்கம் உட்கார்ந்து அக்ரிமென்ட்டைப் படிக்க அந்த அறையில் யாராவது ஒருத்தர் வேண்டாமா? ஆடிட்டிங் படித்தவனுக்கு முதல் பாடமே அதுதானே... வாங்குகிறவனும் விற்கிறவனும் கணக்கு எழுதுகிறவனும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

இந்த இடத்தில் எனக்குக் கீரிப்பாறை வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் போட்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்கள், யாரும் அவர்களைக் கேட்காமல், கப்பலேற்றப்பட்டார்கள். அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் குமரி மாவட்டத்து அரசு ரப்பர் தோட்டங்களில் வேலை கொடுத்தார்கள். 1984-ல் அரசு ரப்பர் கழகம் வந்தது. கீரிப்பாறைத் தோட்டமும் அதில் ஒன்று. வள்ளியம்மாள் பாட்டி எந்தக் கப்பல் கதையில் இருந்து வந்தாரோ, அதே கதையில் வந்த பாட்டிகள் இந்த மலையடிவாரத்திலும் இருக்கிறார்கள். அவர்களுடைய பேரன்கள்தான் பஸ் ஸ்டாப்பில் நின்று, துப்பாக்கி இல்லாவிட்டால் ஒருத்தனும் கேட்க மாட்டான் என்கிறார்கள். பக்கத்து வீட்டில் இருக்கிற பாட்டைக் கேட்க அவர்களுக்கே யாரும் சொல்லித்தரவில்லை. அதற்குத்தான் ஓர் அறை. தேயிலைத் தோட்டத்தை ஒரு பேரன் பாட்டாக்கினான், ரப்பர் தோட்டத்தை யார் பாடப்போகிறீர்கள் என்று ஓர் அண்ணன் கேட்பதற்கு.

தாராவிக்கே அறை நிலைக்குமா என்பது வேறு கவலை. 2022 நவம்பரில் தாராவியை இடித்துக் கட்டுகிற ஏலத்தை அதானி குழுமம் எடுத்தது. கூட்டு நிறுவனத்தில் அவர்களுக்கு 80 சதவிகிதம், மகாராஷ்டிர அரசுக்கு 20. கி.பி. 2000-ம் வருடம் ஜனவரி முதல் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்கு அங்கேயே 350 சதுர அடியில் இலவச வீடு. அதற்குப் பின்னால் வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே. வீட்டுக்குக் கணக்கு இருக்கிறது, கடைக்குக் கணக்கு இருக்கிறது. சாயந்திரம் பிள்ளைகள் தலைகீழாகச் சுற்றுகிற வாடகை அறை எந்தப் பட்டியலில் வரும்? பாதிப் பிள்ளைகள் உள்ளே, பாதிப் பேர் ஊருக்கு வெளியே என்று பிரிந்துபோனால், பக்கத்துச் சந்து அண்ணன் யார் வீட்டு வாசலில் போய் நின்று கூப்பிடுவான்? பத்து மாடிக் கட்டடத்தில் ‘கம்யூனிட்டி ஹால்’ என்று ஒன்று நிச்சயம் கட்டுவார்கள். கல்வெட்டும் வைப்பார்கள்.

கீரிப்பாறையில் அந்த மழை விட்டபோது, மூணு பையன்களில் ஒருத்தன் என் நம்பரை வாங்கிக்கொண்டான். ‘துப்பாக்கியை எடுத்துட்டு அனுப்பு, கேட்கிறேன்’ என்று சொல்லியிருந்தேன். ரெண்டு மாசம் கழித்து வாட்ஸ்அப்பில் பாட்டு வந்தது. துப்பாக்கி அப்படியேதான் இருக்கிறது. ஆனால், அப்பாவின் டார்ச் வெளிச்சம் நாலு வரியிலிருந்து பன்னிரண்டு வரியாக வளர்ந்திருந்தது. எட்டாவது வரியில் தாளம் தவறுகிறது. அதைச் சொன்னேன். கோபித்துக்கொண்டு ரெண்டு நாள் பதில் இல்லை.

மூணாவது நாள் போன். மண்டபம் திறக்கவில்லையாம். ஒருத்தன் வீட்டுக்குப் பின்னாடி, முன்பு ரப்பர் ஷீட் காயப்போட்ட ஒரு கொட்டகை சும்மா கிடந்ததாம். மாசம் இருநூறு ரூபாய்க்குப் பேசியிருக்கிறார்கள். ஆளுக்கு இருபது ரூபாய் வசூல். “கணக்கு எப்படி அண்ணாச்சி எழுதணும்?” என்று கேட்டான். இருபத்தைந்து வருடத்தில் என் பட்டப்படிப்பை மதித்து ஒருத்தர் கேட்ட முதல் கேள்வி. இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு, சாயந்திரமே எழுதிடு, நாளைக்கு என்று வைக்காதே என்று சொன்னேன். முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினான். வாடகை 200. பல்பு 90. பூட்டு ஒன்று 150, சாவி மூணு.

“மூணு சாவி யார் யார்கிட்ட?”

“ஒண்ணு எங்கிட்ட. ஒண்ணு வாய்த்தாளம் போடுவாம்லா, அவங்கிட்ட. இன்னொண்ணு அவன் தங்கச்சிட்ட அண்ணாச்சி. எங்களவிட நல்லா ஆடுவா. ஆனா ஆறு மணிக்கு மேல வீட்ல விடமாட்டாவ. அதனால அவதான் நாலரைக்கே போய்த் தொறந்து வைக்கா.”